ரொவீனா டில்லார்டின் விலாசம்

ரொவீனா டில்லார்ட் எங்கள் பள்ளிக்கு வேலைக்கு வந்த அன்று, கொதிகலன் இயக்கும் லைசென்ஸை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அதைப் பார்க்காமலே பராமரிப்பு மேற்பார்வையாளர் ரெஸ்னிக், "துப்புரவுக்கு வந்தவங்கல்லாம் மாடிக்குப் போங்க" என்றார்.

"கொதிகலன் மாடியில இருந்தா நானும் மாடிக்கே போறேன் சார்" என்றாள்.

சமையலறைக் கதவோரம் நின்றிருந்த நான் சிரித்துவிட்டேன். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. அந்தச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷமாக ஓட்ஸ் கஞ்சியும் பீட்சாவும் உருளைக்கிழங்கு மசியலும் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு முப்பத்துமூன்று.

கெல்சோ ஹைட்ஸ் கல்வி மாவட்டத்தில் ஐந்து பள்ளிகள். எங்களுடையதுதான் மூத்தது. 1926இல் கட்டிய செங்கல் கட்டடம், 1957இல் ஒட்டிய வகுப்பறை வரிசை, எண்ணெய் விலை ஏறிய காலத்தில் சூடு வெளியே போகக்கூடாதென்று ஜன்னலே வைக்காமல் கட்டிய பின்கட்டு, முற்றத்துக்கு அப்பால் உயர்நிலைப் பள்ளியின் நீச்சல் குளம். எல்லாவற்றுக்கும் வெந்நீரும் வெப்பமும் ஒரே நிலவறையிலிருந்துதான் போகும். மூன்றே மாதத்தில் எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் எங்கே திரும்புகிறது என்பது ரொவீனாவுக்கு மனப்பாடம். நிலவறை மூலையில் ஒரு மரப்பெட்டி நிறைய பழைய வரைபடங்கள் கிடந்தன. மதிய இடைவேளையில் அவற்றை விரித்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள்.

பின்கட்டில் காது கேளாத குழந்தைகளுக்கென்று ஓர் அறை இருந்தது. சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் கார்க், தரையில் தடித்த கம்பளம். ஆசிரியை மைக்கில் பேசினால் சத்தம் நேரே குழந்தையின் காதுக் கருவிக்குள் போகும். எங்கள் வட்டாரத்தில் அப்படிப்பட்ட அறை மூன்றுதான் உண்டு. ஒருநாள் அங்கே பல்பு மாற்றப்போன ரொவீனா, காற்றுக்குழாய் முனகுவதைக் கேட்டாள். அந்த முனகல் கருவிக்குள் போனால் குழந்தைக்கு வேறெதுவும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே குழாய் முழுக்கக் கம்பளித் துணி சுற்றி முனகலை நிறுத்தினாள். ஆசிரியை மிஸ் ஆக்னியூ பதினோரு வருஷமாக அதற்காக மனுப் போட்டுக்கொண்டிருந்தவர். அன்று சமையலறைக்கு வந்து, "யாரு அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

ரொவீனாவுக்கு அது தெரிந்ததற்குக் காரணம் அவள் மகள். டெல்ஃபீனுக்கு இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். குழந்தையின் அப்பா அதற்கு முன்பே டெக்சஸ் பக்கம் போய்விட்டிருந்தார். தாயும் மகளும் ஸ்ட்ரவுட் தெருவில் இரண்டாம் மாடியில் குடியிருந்தார்கள். தெருவின் மேற்குப் பக்கம்.

அந்தத் தெருவின் நடுக்கோடுதான் எல்லை. கிழக்கே கெல்சோ ஹைட்ஸ், மேற்கே நகரம். எங்கள் மஞ்சள் பேருந்து தினமும் அவள் ஜன்னலுக்கு எதிரே நின்று, எதிர்வரிசைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். டெல்ஃபீன் நகரத்துப் பள்ளியில் படித்தாள். அங்கே ஒரு நல்ல ஆசிரியை இருந்தார். ஒரு வசந்தத்தில் நகரம் ஒன்பது பள்ளிகளை இழுத்து மூடியது. அதில் அதுவும் ஒன்று. புதிய பள்ளியில் முப்பத்துநான்கு பிள்ளைகள் நடுவே, உணவுக்கூடத்தை ஒட்டிய வகுப்பில் அவளை உட்கார வைத்தார்கள். செவித்திறன் ஆசிரியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில், பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, நான் அடுப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ரொவீனா வந்து மேசையோரம் நின்றாள்.

"மிஸ் இர்மா, அவ பேச்சை நிறுத்திட்டா."

"கோவத்துலயா?"

"கோவமா இருந்தா கத்துவாளே. மூணு மாசமா வீட்டுலயும் வாய் தொறக்கல. வேணுங்கறதைக் கையால காட்டறா. நேத்து தூக்கத்துல பேசுவாளான்னு பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன்."

"மிஸ் ஆக்னியூகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். எடம் இருக்கு, மூணு நாற்காலி காலியாவே கெடக்குங்கறாங்க. ஆனா மாவட்டத்துக்குள்ள விலாசம் வேணுமாம். டீச்சர்ங்க பிள்ளைங்க எங்க இருந்து வேணா வரலாம், அது அவங்க ஒப்பந்தத்துல இருக்கு. நம்ம ஒப்பந்தத்துல இல்ல. சங்கத்துல கேட்டா அடுத்த பேச்சுவார்த்தையில பார்க்கலாங்கறாங்க. அடுத்த பேச்சுவார்த்தைக்கு ரெண்டு வருஷம் இருக்கு."

கிழக்கே வீடு பார்த்தாயா என்று நான் கேட்கவில்லை. பார்த்திருப்பாள். எங்கள் பக்கம் வாடகை வீடே குறைவு. இருப்பதும் கொதிகலன் பார்ப்பவர்களை நினைத்துக் கட்டியதல்ல. தேய்த்துக்கொண்டிருந்த தூரிகையை வைத்துவிட்டு, "என் வீட்டுல பின்னாடி ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு" என்றேன்.

"நான் அதைக் கேக்க வரல."

"அதைக் கேக்கத்தான் வந்த. உக்காரு."

என் கணவர் ஸ்டீவ் அன்று மாலை என்னோடு பேசவே இல்லை. மறுநாள் நானும் ரொவீனாவும் வங்கியில் இருக்கும் நோட்டரி முன்னால் உட்கார்ந்து, ரொவீனா டில்லார்டும் மகளும் என்னோடு என் வீட்டில் வசிக்கிறார்கள் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டோம். பொய் என்றால் தண்டனைக்குரிய குற்றம் என்று கையெழுத்துக்கு மேலேயே தடித்த எழுத்தில் இருந்தது. நான் வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.

ரொவீனாவுக்கு வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கும். மகளையும் கூட்டிக்கொண்டு வருவாள். வகுப்பு தொடங்கும்வரை குழந்தை என் சமையலறையில் கஞ்சி குடித்துக்கொண்டு படம் வரையும். முதலில் தலையசைப்புதான். அக்டோபரில் ஒருநாள், நான் மாவு பிசைந்துகொண்டிருக்கையில் பின்னாலிருந்து, "இதுல உப்பு இல்ல" என்றொரு குரல் கேட்டது. தட்டையான, கொஞ்சம் உரத்த குரல். திரும்பிப் பார்த்தேன். கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவைத்திருந்தாள். நிலவறைப் படியில் இறங்கிப்போய் ரொவீனாவிடம் சொன்னேன். அவள் ஒரு வால்வைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் அதை விடவே இல்லை.

அந்த வருஷமும் அடுத்த வருஷத்தின் தொடக்கமும் அப்படியே போயின. டெல்ஃபீன் சத்தமாகப் படித்தாள், பிள்ளைகளோடு சண்டை போட்டாள், தலைமை ஆசிரியருக்குப் பட்டப்பெயர் வைத்தாள்.

வெளியூர்ப் பிள்ளைகளைப் பற்றித் துப்புக் கொடுக்க எங்கள் மாவட்டத்தில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. யார் கூப்பிட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. இரண்டாம் வருஷம் நவம்பரில் ஒரு சனிக்கிழமை, என் வீட்டு அழைப்புமணி அடித்தது. சாம்பல்நிறக் கோட்டு, கையில் ஒரு கோப்பு. தன் பெயர் ப்ரூயட் என்றும், போலீஸில் இருந்து ஓய்வு பெற்று இப்போது மாவட்டத்துக்காக விலாசம் சரிபார்ப்பதாகவும் சொன்னார். மரியாதையான மனிதர். ஷூவைக் கழற்றவா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

இதற்கு நாங்கள் தயாராகத்தான் இருந்தோம். பின்னறையில் மடக்குக் கட்டில், கொக்கியில் ஒரு சிவப்புக் கோட்டு, இரண்டு பொம்மைகள். எல்லாவற்றையும் பார்த்தார்.

"குழந்தைக்கு எந்தக் காது ரொம்ப மோசம், மிஸஸ் கோவாச்?"

"இடது. அதுல ஒண்ணுமே கேக்காது."

"ராத்திரி கருவியை எங்க வைப்பா?"

"ஈரம் படாத டப்பா ஒண்ணு இருக்கு. அதுலதான்."

"நல்லா தெரிஞ்சு வெச்சிருக்கீங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கோப்பைத் திறந்து சமையலறை மேசையில் படங்களை வரிசையாக வைத்தார். ஸ்ட்ரவுட் தெரு. ரொவீனாவின் கார். பின்னிருக்கையில் டெல்ஃபீனின் தொப்பி. இருபத்தொரு நாள் காலையில் எடுத்த படங்கள், தேதியோடு. அவற்றுக்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்ட தாள்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"ஓய்வூதியத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?"

"ரெண்டு."

"எனக்கு உங்ககிட்ட ஒண்ணும் வேண்டாம் மேடம். தப்பா எழுதிட்டேன்னு நீங்களே சொன்னா இந்தத் தாள் இங்கயே நின்னுடும். சொல்லலைன்னா இது அரசு வக்கீல்கிட்ட போகும். அதுக்கப்புறம் என் கையில இல்ல."

ஸ்டீவ் முன்னறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பழியை அவர்மேல் போட முடியாது. நான்தான் சொன்னேன். "அவங்க இங்க இல்ல. எப்பவும் இங்க இருந்ததில்ல."

ப்ரூயட் எழுதிக் கொடுத்த இரண்டு வரியில் கையெழுத்துப் போட்டேன். அவர் போனபிறகுதான் ரொவீனாவைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. திங்கட்கிழமை ஐந்தரைக்கு அவள் குழந்தையோடு வந்து நின்றபோதுதான் சொன்னேன்.

"உங்களை மிரட்டினாரா?" என்றாள்.

"மிரட்டல. கேட்டாரு. அவ்வளவுதான்."

குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து டெல்ஃபீன் என் சமையலறைக்கு வரவில்லை.

விசாரணை டிசம்பர் முதல் வாரத்தில், எங்கள் பள்ளிக் கட்டடத்திலேயே இருக்கும் மாவட்ட அலுவலகத்தில் நடந்தது. அதற்குள் ரொவீனா ஒரு காரியம் செய்திருந்தாள். மரப்பெட்டியிலிருந்த அத்தனை வரைபடங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருந்தாள். 1926இல் பள்ளி கட்டியபோது போட்ட ஒரு படம் கிடைத்தது. அதில் மாவட்டத்தின் மேற்கு எல்லை ஸ்ட்ரவுட் தெருவில் இல்லை. இன்னும் இரண்டு தெரு தாண்டி, அந்தக் காலத்துச் செங்கல் சூளையைச் சுற்றி வளைந்து போனது. அவள் வீடு இருக்கும் மனை அந்த வளைவுக்கு உள்ளே இருந்தது.

மாவட்டக் கல்வி வாரியத் தலைவரின் மேசையில் அதை விரித்து, நான்கு மூலையிலும் தண்ணீர்க் கோப்பைகளை வைத்தாள். நானும் போயிருந்தேன், கடைசி வரிசையில். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மாவட்ட வழக்கறிஞர் இளைஞர். படத்தை ஆர்வமாகத்தான் பார்த்தார். "அருமையான படம். சூளையோட வரி வேணும்னு அன்னைக்கு அப்படி வளைச்சிருக்காங்க. சூளை மூடினதும் 1949இல எல்லையைத் தெருவுக்கே கொண்டுவந்துட்டாங்க. தீர்மானம் பதிவுல இருக்கு."

"வரி வர்றப்ப அந்த மனை உங்களோடது. பிள்ளை வர்றப்ப உங்களோடது இல்ல. அப்படித்தானே?" என்றாள் ரொவீனா.

வழக்கறிஞர் தன் தாள்களை அடுக்கினார். தலைவர் தொண்டையைச் செருமினார். "மிஸ் டில்லார்ட், உங்க வேலையைப் பத்தி இங்க யாருக்கும் குறையில்ல."

"நீங்க இப்ப கோட்டைக் கழட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கீங்களே சார், அந்தச் சூடு நான் போட்டது. ஆக்னியூ டீச்சர் ரூம்ல குழாய் முனகாம இருக்கே, அது நான் சுத்தின துணி. உங்க பிள்ளைங்க குளத்துல நீந்தறாங்களே, அந்தத் தண்ணி நான் காய்ச்சினது. மூணு நாற்காலி காலியா கெடக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ மறுபடி வாயை மூடிட்டான்னா நான் அவளை எங்கேர்ந்து திரும்பக் கொண்டுவருவேன்?"

கூட்டத்தில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்ப்பு பத்து நிமிடத்தில் வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையோடு டெல்ஃபீனின் பெயர் நீக்கப்படும். ரொவீனாவின் வேலைக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். கருணை என்று தலைவர் அதற்குப் பெயர் வைத்தார்.

வீடில்லாத பிள்ளைகளின் விவகாரத்தைப் பார்க்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அலுவலர் இருப்பார். எங்களுக்கு இருந்தவர் ஜோன் பெட்ரஸ், ஒல்லியான, எப்போதும் இருமுகிற பெண். விசாரணை முடிந்து ரொவீனா காரைக் கிளப்பும்போது ஜோன் ஜன்னலருகே போனார். இதை ஜோனே பின்னால் எனக்குச் சொன்னார்.

"நான் எதையும் செய்யச் சொல்லல. சட்டம் என்னன்னு மட்டும் சொல்றேன். குடும்பத்துக்கு வீடு இல்லாம போச்சுன்னா, கடைசியா படிச்ச பள்ளியிலேயே குழந்தை தொடரலாம். எந்த மாவட்டமும் தடுக்க முடியாது. எப்படி வீடு போச்சுன்னு நாங்க கேக்கறதில்ல."

"அப்ப எனக்கு வீடு இருக்கறதுதான் கோளாறா?"

ஜோன் இருமினாராம்.

ரொவீனாவின் குத்தகை டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை. கட்டிலையும் மேசையையும் மேல்மாடிக்காரர்களுக்குக் கொடுத்தாள். மிச்சத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு, சாவியை வீட்டுக்காரரின் தபால்பெட்டியில் போட்டாள். ஜனவரி மூன்றாம் தேதி படிவத்தில் விலாசம் என்ற இடத்தில், 'கார், லூத்தரன் தேவாலய வாகன நிறுத்தம்' என்று எழுதிக் கொடுத்தாள். டெல்ஃபீனின் பெயர் திரும்பப் பதிவேட்டில் ஏறியது. சட்டப்படி வாகனமும் அனுப்ப வேண்டும். அம்மாவோடு விடியற்காலையில் கிளம்ப வேண்டாம் என்று, தினமும் ஏழரைக்கு மாவட்டத்தின் மஞ்சள் வேன் தேவாலயத்து வாசலில் வந்து நிற்கும். அதுவரை பாதிரியாரின் மனைவி குழந்தையை உள்ளே உட்கார வைத்திருப்பார். எந்த மாவட்டம் இருபத்தொரு நாள் படமெடுத்து அவளை வெளியே அனுப்பியதோ, அதே மாவட்டத்தின் வேன்.

தேவாலயத்துக்காரர்கள் கழிவறையைத் திறந்து விட்டார்கள். நீச்சல் குளத்தின் குளியலறைச் சாவி ரொவீனாவிடமே இருந்தது. மாலையில் பயிற்சி முடிந்ததும் மகளை அங்கே குளிப்பாட்டி, தலையை நன்றாக உலர்த்தித்தான் வெளியே கூட்டிப்போவாள். சுவெட்டர் ஒருநாளும் கசங்கியிருந்ததில்லை. பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது.

ஜனவரி கடைசியில் நான் நிலவறைக்குப் போனேன். பழைய கொதிகலனின் அழுத்தமானியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

"ரொவீனா, என் வீட்டுக்கு வந்துடு. ஜோன்கிட்ட கேட்டுட்டேன். வேறொருத்தர் வீட்டுல ஒண்டியிருந்தாலும் வீடில்லாதவங்க கணக்குலதான் வருமாம். பள்ளி போகாது."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"அவர் ஒண்ணும் சொல்லல."

"அன்னைக்கும் ஒண்ணும் சொல்லலைன்னுதானே சொன்னீங்க."

"ராத்திரி மைனஸ் பதினஞ்சுக்குப் போகுது. குழந்தையை நெனைச்சுப் பாரு."

துணியை மடித்து வைத்தாள். "குழந்தையைத் தவிர வேற எதையும் நான் நெனைக்கல மிஸ் இர்மா. உங்க வீட்டுக்கு வந்துடறேன்னு வெச்சுக்கங்க. ஒருநாள் மறுபடி யாராவது கோட்டுப் போட்டுக்கிட்டு வந்து மணி அடிப்பாங்க. நீங்க கதவைத் திறப்பீங்க. அப்ப நான் பின்னறையில உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கணும். அது என்னால முடியாது. காருக்கு மணி இல்ல."

நான் படியேறி வந்துவிட்டேன்.

பிப்ரவரியில் டெல்ஃபீனின் வலது காதில் சீழ் வைத்தது. மிச்சமிருந்த ஒரே காது. ஈரமும் குளிரும் ஆகவே ஆகாது, உலர்ந்த சூடான இடத்தில் பத்து நாளாவது இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். ரொவீனாவுக்குத் தெரிந்த உலர்ந்த, சூடான இடம் ஒன்றுதான்.

நான்காம் நாள் காலை, ஆறுமணி இருக்கும். தலைமை ஆசிரியர் ஆஸ்ட்ராண்டர் ஏதோ வகுப்பில் சூடு வரவில்லை என்று நிலவறைக்கு இறங்கினார். கொதிகலனுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் சிவப்புக் கோட்டைப் போர்த்திக்கொண்டு டெல்ஃபீன் தூங்கிக்கொண்டிருந்தாள். காதில் பஞ்சு. அவருடைய காலடி அவளுக்குக் கேட்கவில்லை. ரொவீனா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"சார், இன்னும் ஆறே நாள். நீங்க பார்க்கலைன்னு இருந்துடுங்க."

நல்ல மனிதர்தான் அவர். என் சமையலறைக்கு வந்து, பால்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, கையைப் பிசைந்தார். "கொதிகலன் அறை, இர்மா. அங்க ஒரு குழந்தை. ஏதாவது ஆயிருந்தா? பார்த்தவன் நான்." அரைமணி நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் எழுந்துபோய் மேற்பார்வையாளர் ரெஸ்னிக்கைக் கூப்பிட்டார். அவரை நான் திட்டவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை.

அன்றே ரொவீனாவின் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரம் இடைநீக்கம். வேலையே போயிருக்கும், சங்கம் குறுக்கே விழுந்தது. கடைசியில் மாவட்டத்தின் பேருந்துக் கொட்டகைக்கு மாற்றினார்கள். பேருந்து கழுவும் வேலை. லைசென்ஸுக்கு அங்கே வேலையே இல்லை. டெல்ஃபீனை மட்டும் யாராலும் தொட முடியவில்லை. ஜோன் பெட்ரஸ் இருமிக்கொண்டே சட்டத்தைக் காட்டினார். பாதிரியார் தன் வீட்டு அடித்தளத்தில் ஓர் அறையைத் திறந்து விட்டார். சீழ் ஆறியது, ஆனால் அந்தக் காதிலும் பாதி போய்விட்டது. புதிய கருவி, கூடுதல் சத்தம். மிஸ் ஆக்னியூ முதலிலிருந்து தொடங்கினார்.

மே மாதம், கெல்சோ ஹைட்ஸுக்குள்ளேயே சலவைக்கடை ஒன்றின் மேல் இரண்டு அறை கிடைத்தது. சமையலறை கிடையாது. சலவை ஆவியின் வாசனை பாத்திரத்தில்கூட ஒட்டும். ஆனால் எல்லைக்கு உள்ளே. கொட்டகை வேலையோடு, வாரக்கடைசியில் ஒரு மருத்துவமனையில் தரை துடைத்து அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள்.

நான் ஓய்வு பெற்றேன். ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. முதல் மாதத்துக் காகிதம் வந்த அன்று கொட்டகைக்குப் போனேன். ரப்பர் பூட்ஸோடு ஒரு பேருந்தின் பக்கவாட்டில் சோப்பு நுரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சிடு ரொவீனா."

"அதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல மிஸ் இர்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "இன்னும் பதினாலு வண்டி இருக்கு."

டெல்ஃபீன் இப்போது ஆறாம் வகுப்பு. உதட்டைப் பார்த்தும், கையால் பேசியும், கொஞ்சம் கேட்டும் சமாளிக்கிறாள். பேசுவதை நிறுத்தவில்லை. சலவைக்கடைக்காரர் கட்டடத்தை விற்கப்போகிறார். வருகிற ஆகஸ்டில் மேலே இருப்பவர்கள் காலி செய்ய வேண்டும். ரொவீனா மறுபடி வீடு தேடுகிறாள். நானும் காரை எடுத்துக்கொண்டு ஸ்ட்ரவுட் தெருவுக்குக் கிழக்கே ஒவ்வொரு தெருவாகப் போகிறேன். வாடகைப் பலகை எங்கே தொங்கினாலும் தொலைபேசி எண்ணைக் குறித்து, கொட்டகையில் நிற்கும் அவள் காரின் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் சொருகிவிட்டு வருகிறேன். மறுநாள் போனால் தாள் இருப்பதில்லை. போன வாரம் நான்கு எண் வைத்தேன். நான்கிலும் நானே கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று போய்விட்டது. நான்காவதில் யாரும் எடுக்கவில்லை.